மறைக்கல்வி வகுப்பில் காணாத மூன்று பிள்ளைகள்



மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. காது கேளாத, பேச்சும் சரியாக வராத ஒருவரைத் தெக்கப்பொலிப் பகுதி மக்கள் இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். அங்கே ஆண்டவர் சொன்ன 'எப்பத்தா' என்ற சொல் நமக்கு நன்கு தெரியும். அந்தச் சொல்லுக்கு முன் நடந்ததை இன்று சற்று நின்று பார்ப்போம். ஆண்டவர் முதலில் அந்த மனிதரைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போகிறார். பிறகு காதில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். காது கேளாதவருக்கு எது விளங்குமோ அந்த மொழியில், தொடுகையாலும் சைகையாலும் பேசுகிறார். சொல் கடைசியில்தான் வருகிறது. அத்தனை பேர் நடுவில் நிறுத்தி வைத்து, "கேட்டால் பதில் சொல்ல மாட்டாயா?" என்று அவர் கேட்கவில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அதிலும், அவர்களைச் சுற்றி வளரும் மற்றப் பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 டிசம்பரில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன்படி 2008 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். நம் திருவழிபாட்டு நாள்காட்டியில் அந்த நாள் ஒன்று தவக்காலத்தில் வரும், இல்லையென்றால் பாஸ்கா விழாவை ஒட்டி வரும். குருத்தோலைக்கும் சிலுவைப்பாதைக்கும் நடுவே அது நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துச் சொல்லியிருக்கிறது. எங்கள் பங்கின் மறைக்கல்விப் பதிவேட்டில் சுமார் 300 பெயர்கள் உண்டு. அந்தக் கணக்குப்படி மூன்று பிள்ளைகளாவது இருக்க வேண்டும். வகுப்பறையில் எண்ணிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. எங்கே அந்த மூவர்?

அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அம்மா காலைத் திருப்பலிக்கு வருகிறார், அப்பா மாலைத் திருப்பலிக்கு வருகிறார். ஒருவர் வரும்போது மற்றவர் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் சேர்ந்து கோயிலுக்கு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். ஏதோ ஒரு ஞாயிறன்று பிள்ளை சத்தம் போட்டிருப்பான், முன் பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்திருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த ஒரு பார்வை போதும், ஒரு தாய் அடுத்த வாரம் பிள்ளையை வீட்டிலேயே விட்டுவர. டெல்டாவில் பிறந்த நமக்கு இது புரியாத கணக்கல்ல. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வாசித்தவுடன் கடைமடை விவசாயி நாற்றங்கால் போட்டுவிடுவதில்லை. தம் வயலுக்கு நேரான மதகில் தண்ணீர் ஏறிய பிறகுதான் அவர் நம்புவார். 'எல்லாரும் வாருங்கள்' என்று பீடத்திலிருந்து நாம் சொல்வதை அந்தத் தாயும் அப்படித்தான் கேட்கிறார்.

ஆட்டிசம் என்றால் என்ன? மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதுக்குள் அடையாளம் தெரியத் தொடங்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதிருப்பது, பேச்சு தாமதமாவது அல்லது கேட்டதையே திருப்பிச் சொல்வது, கையை உதறிக்கொண்டே இருப்பது, ஒரே வேலையை ஒரே வரிசையில் செய்தால்தான் நிம்மதி அடைவது என ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒவ்வொரு விதமாக இருக்கும். சிலர் சரளமாகப் பேசுவார்கள், சிலர் ஒரு சொல்கூடப் பேசமாட்டார்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. இப்படிப் பிறந்தவர்கள் எல்லாரும் கணக்கில் மேதைகள் என்று சினிமாவில் காட்டுவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அதுவும் அந்தப் பிள்ளைகள்மேல் நாம் ஏற்றுகிற ஒரு சுமைதான்.

அரசு அறிவிப்புகள் சிலவற்றில் இவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று குறிப்பிட்டு வந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் அப்படி மொழிபெயர்த்திருப்பார்கள். ஆனால் பல பிள்ளைகளின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. புற உலகம் அவர்களுக்குள் அளவுக்கு மீறி வந்து கொட்டுகிறது. நமக்குக் காதில் விழாத மின்விசிறியின் ஓசை அவர்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். சட்டைக் காலரின் உரசல், ஊதுபத்தி வாசனை, குழல் விளக்கின் துடிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும்போது, காதைப் பொத்திக்கொண்டு உட்காருவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. கொடியேற்றத்தன்று நாம் வெடிக்கிற வாணவேடிக்கையையும், கோபுரத்தில் கட்டுகிற ஒலிபெருக்கியையும் இந்தக் காதுகளோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இதற்குக் காரணம் யார்? யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றவரைப் பார்த்துச் சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதான். பாவம் செய்தது இவரா, இவரைப் பெற்றவர்களா என்றார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. படித்தவர்களே அதைக் கேட்டார்கள். 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் பற்றிய மருத்துவ அறிவுக்குத் தொடக்கம். அதற்குப் பிறகு, தாயிடம் பாசம் போதாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் அதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட், அது தவறு என்று 1964லேயே சான்றுகளோடு எழுதியிருந்தார். இருந்தும் அந்தப் பழி ஆயிரக்கணக்கான தாய்மார் தலையில் விழுந்தது. பின்னர் தடுப்பூசிமேல் பழி போட்டார்கள். 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அப்படி வந்த கட்டுரையை 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் ஊரில் பழி வேறு வேடத்தில் வரும். "கர்ப்பமா இருக்கும்போது எங்கே போனே?", "செல்போனைக் குடுத்துக் கெடுத்துட்டே", "யாரோ வச்சிருக்காங்க". இதில் ஒன்றுகூட உண்மையில்லை. பிள்ளையின் தலையில் கைவைத்துப் பேயை ஓட்டுகிறோம் என்று யாராவது வந்தால், அவர் ஜெபக்குழுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

பெரியவர்கள் மனதை மாற்றுவது கடினம், பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. பிள்ளைகளுக்கு ஆட்டிசத்தைப் பற்றிப் பாடம் நடத்தினால் மறந்துவிடுவார்கள். சேர்ந்து விளையாடினால் மறக்கமாட்டார்கள். இது எங்கள் கண்டுபிடிப்பல்ல. பெங்களூரில் 'கிலிகிலி' என்ற பெற்றோர் அமைப்பு, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடத்தக்கதாகப் பூங்காக்களை மாற்றும் பணியை 2006இல் கோல்ஸ் பூங்காவில் தொடங்கியது. சென்னை சாந்தோமிலும் மாநகராட்சி அப்படியொரு பூங்காவை அமைத்திருக்கிறது. அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் 2017 ஏப்ரலில் ஜூலியா என்றொரு பொம்மைச் சிறுமி வந்தாள். அவளுக்கு ஆட்டிசம் உண்டு. பெரிய மஞ்சள் பறவை அவளுக்கு வணக்கம் சொல்கிறது, அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. 'என்னை இவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று பறவை வருந்துகிறது. பிறகு ஓடிப்பிடித்து விளையாடும்போது அவள் உற்சாகத்தில் குதிகுதியென்று குதிக்கிறாள். உடனே மற்றவர்களும் குதிக்கத் தொடங்குகிறார்கள், அதுவே புது விளையாட்டாகிவிடுகிறது. ஜூலியாவை இயக்கியவர் தாமே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தாய்.

போன மே மாதம் எங்கள் பங்கில் விடுமுறை விவிலியப் பள்ளி பத்து நாள் நடந்தது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துவர அவன் அம்மா ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அவனைப் பத்திப் பிள்ளைங்ககிட்ட நானே பேசுறேன் சாமி. ஆனா அவனை எதிர்ல வச்சுக்கிட்டு வேணாம்." முதல் நாள் அவர் மட்டும் வந்தார். பிள்ளைகள் பெரியவர்களைப்போலச் சுற்றிவளைக்கவில்லை. "அது ஒட்டிக்குமா?" என்றான் ஒருவன். "ஏன் கையை ஆட்டிக்கிட்டே இருப்பான்?" என்றாள் இன்னொருத்தி. "நான் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறான், என்னைப் பிடிக்காதா ஆன்ட்டி?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டபோது அந்தத் தாய்க்குக் குரல் கம்மிவிட்டது. "உன் சைக்கிள் மணி கேட்டா வாசலுக்கு ஓடிவருவாம்ப்பா. அவன் அப்படித்தான் 'வா'ன்னு சொல்லுவான்" என்றார். மூன்று வருடமாக அந்தப் பையனுக்கு இது தெரியாது.

அன்று எங்கள் அருட்சகோதரி ஒரு சிறு பயிற்சி வைத்தார். ஒரு பிள்ளை நடுவில் உட்கார வேண்டும். ஒருபக்கம் வானொலி சத்தமாகப் பாடும், மறுபக்கம் இருவர் வெவ்வேறு பாடத்தை உரக்க வாசிப்பார்கள். கழுத்தில் சாக்குத் துண்டு ஒன்று, கண்ணில் டார்ச் வெளிச்சம். அப்போது ஒருவர் வந்து, "பதின்மூன்றும் எட்டும் எத்தனை?" என்று கேட்பார். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கும் சிறுமிதான் உட்கார்ந்தாள். பதில் வரவில்லை, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதும், இதை வேடிக்கையாக்கிவிடக் கூடாது. ஆட்டிசம் முழுவதும் இவ்வளவுதான் என்று பிள்ளைகள் நினைத்துவிடவும் கூடாது. அதையும் அருட்சகோதரி சொல்லிவைத்தார்.

மறுநாள் சிறுவன் வந்தான். ஓடிப்பிடித்து விளையாடினால் யாராவது தொடுவார்கள், தொட்டால் அவனுக்கு ஆகாது. என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடமே விட்டோம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "தொட வேணாம், நிழலை மிதிச்சாப் போதும்" என்றாள். காலை எட்டரை மணி, நிழல் நீளமாக விழும் நேரம். அவன் பத்து நிமிடம் ஓடினான். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய், சட்டைப்பையில் கொண்டுவந்த புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினான். இரண்டு பேர் போய்ப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து தாங்களும் அடுக்கினார்கள். மூன்றாம் நாள் அவன் வரவில்லை, நான்காம் நாள் வந்தான். எல்லாம் ஒரே சீராக நடந்தது என்று சொல்லமாட்டோம்.

ஆறாம் நாள் பதினொரு மணிக்கு மின்சாரம் போனது, ஜெனரேட்டரைப் போட்டார்கள். அந்த ஓசை கேட்டதும் சிறுவன் தரையில் விழுந்து கத்தத் தொடங்கினான். பெரியவர்களாகிய நாங்கள் அவனை நோக்கி ஓடினோம். பிள்ளைகள் நாலைந்து பேர் எதிர்ப்பக்கம், கொட்டகைக்கு ஓடினார்கள். "அண்ணே, அதை அணைங்கண்ணே" என்று அவர்கள் கேட்டது எங்களுக்குக் கேட்டது. அக்கினி நட்சத்திர வெயில், தகரக் கூரை, மின்விசிறி இல்லை. எழுபது பிள்ளைகள் முக்கால் மணி நேரம் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவனைச் சுற்றி நிற்கவுமில்லை. 'கூட்டம் போடாதீங்க' என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டார்கள். அன்று மாற்கு ஏழாம் அதிகாரத்தை எங்களுக்கு அவர்கள் வாசித்துக் காட்டினார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2014 நவம்பரில் வத்திக்கானில் ஆட்டிசம் உள்ளவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் சந்தித்தபோது, தனிமையையும் அவமானத்தையும் உடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 2018 நவம்பர் 28 அன்று பொதுச் சந்திப்பில் நடந்தது இதைவிட அழகு. பேச இயலாத சிறுவன் ஒருவன் மேடைமேல் ஓடிவந்து, சுவிஸ் காவலரின் கையைப் பிடித்து இழுத்தான், திருத்தந்தையின் நாற்காலிக்குப் பின்னால் விளையாடினான். அவனைக் கூட்டிப்போக அம்மா மேலே வந்தார். விளையாடட்டும், விடுங்கள் என்றார் திருத்தந்தை. பிறகு கூட்டத்தைப் பார்த்து, இந்தப் பிள்ளையால் பேச முடியவில்லை, ஆனாலும் தன்னை உணர்த்தத் தெரிகிறது, இவனைப்போல நான் கடவுள்முன் சுதந்திரமாக இருக்கிறேனா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அந்தத் தாயை யாரும் முறைத்துப் பார்க்கவில்லை. நம் கோயிலில் முன் பெஞ்சில் இருப்பவருக்கும் அது முடியும்.

புதுநன்மை பற்றியும் சொல்ல வேண்டும். "என் பையனுக்குச் செபம் மனப்பாடம் வராது, அவனுக்குக் கிடைக்காதா?" என்று பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். 1910இல் புனித பத்தாம் பயஸ் சிறுபிள்ளைகளுக்கு நற்கருணையைத் திறந்துவிட்டபோது, இதைச் சாதாரண அப்பத்திலிருந்து வேறென்று பிள்ளை தன் அளவுக்கு உணர்ந்தால் போதும் என்றார். 2020இல் வெளிவந்த மறைக்கல்விக்கான வழிகாட்டி ஏடு, மாற்றுத்திறனாளிகளுக்கு அருளடையாளங்களை எவரும் மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆகவே இனித் தயங்கிக் கேட்க வேண்டாம். பிள்ளைக்குத் திருப்பலியின் ஒவ்வொரு பகுதியையும் படமாக வரைந்து அட்டையாகத் தரலாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பாதி அச்சம் போய்விடும். இவர்களுக்கென்று தனித் திருப்பலி வைக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பங்குகள் சிலவற்றில் வைக்கிறார்கள், அதில் பயனும் இருக்கும். எங்கள் விருப்பம் வேறு. எல்லாரும் வருகிற திருப்பலியிலேயே ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைக்கலாம். பக்கவாட்டுக் கதவையொட்டி ஒரு பெஞ்சை விட்டுவைக்கலாம், எழுந்து போய்த் திரும்பி வர வசதியாக இருக்கும்.

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நடந்து வருகிற பெற்றோர் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நேர்ச்சை நல்லது, செலுத்துங்கள். ஆனால் மாதா பார்த்துக்கொள்வாள் என்று பேச்சுப்பயிற்சியையும் மற்றப் பயிற்சிகளையும் நிறுத்திவிடாதீர்கள். சின்ன வயதில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். நடுத்திட்டில் மோர் விற்ற, நடக்க முடியாத சிறுவனின் கதையைப் பாட்டிகள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவன் எழுந்து நடந்ததையே எல்லாரும் சொல்வோம். அதற்கு முன் மாதா அவனிடம் தன் குழந்தைக்கு மோர் கேட்டாள். அவனிடம் இருந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நம் பங்கில் இந்தப் பிள்ளைகளிடம் இதுவரை நாம் என்ன கேட்டு வாங்கியிருக்கிறோம்? பாட்டுப் புத்தகங்களை அடுக்கித் தருவது, மெழுகுதிரிகளை வரிசையாக வைப்பது போன்ற வேலைகளை அவர்களைவிடக் கருத்தாகச் செய்பவர் குறைவு.

சட்டமும் பெற்றோர் பக்கம் நிற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது, அதில் ஆட்டிசம் உண்டு. 1999இல் அமைந்த தேசிய அறக்கட்டளை வழியாக 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. தஞ்சை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் உங்கள் அன்பியத்தில் படித்த இளைஞர் ஒருவரையாவது உடன் அழைத்துப்போங்கள். தமிழில் படிக்க விரும்புவோர் எழுத்தாளர் யெஸ். பாலபாரதி எழுதிய 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்ற நூலைத் தேடிப் படிக்கலாம்.

இந்த மே மாதமும் விவிலியப் பள்ளி உண்டு. விசில் கிடையாது, ஜெனரேட்டரைக் கோயிலுக்குப் பின்பக்கம் மாற்றிவிட்டோம். எங்கள் பங்கைச் சேர்ந்த பெற்றோர் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கும்போது, பிள்ளைக்கு எந்த ஓசை ஆகாது, எந்த உணவு சேராது, அழுதால் எதனால் அமைதியடைவான் என்று அரைத்தாளில் எழுதித் தாருங்கள். வேறு பங்குகளில் விவிலியப் பள்ளி நடத்துவோர் வந்து பார்க்க விரும்பினால் வரலாம், ஒரு நாளைக்கு இருவருக்கு மேல் வேண்டாம். பிள்ளையைப் பற்றிப் பேசப் பங்கு இல்லத்துக்கு வரத் தயங்குகிறவர்கள் சொல்லி அனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம். எந்த நேரத்தில் வந்தால் பிள்ளைக்குத் தொந்தரவாக இருக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.